உகர வரிசைக்குக் கூடுதல் நேரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழில் 247 எழுத்துகள் என்றதும் மிரளும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கும்போது, எழுபதுகளில் நாங்கள் பட்ட பாடு நினைவுக்கு வருகிறது. அன்று ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்பும், ணா, றா, னா ஆகியவற்றுக்குத் துணைக்கால் இல்லாத தனிச்சுழியும் இருந்ததால், ‘கா’ எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ‘னா’ எழுத வராது. பிற பாடங்களை ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழ் வகுப்புக்கு வந்த எனக்கு அந்தச் சுழிகள் பெருந்தொல்லையாக இருந்தன, பிரம்படியும் கிடைத்தது.

பெரியார் தம் ஏடுகளில் முன்பே கையாண்ட சீர்திருத்த வடிவங்களுள் 13 எழுத்துகளைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றுக்கொள்ள, பின்னர் சிங்கப்பூரும் அதைப் பின்பற்றியது. பாதிச் சுமை அன்றே இறங்கியது என்பேன்.

ஆயினும் கு, சு, து, மு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும் உகர, ஊகார வரிசைகள் அப்படியே இருக்கின்றன. என் பேத்தி இன்று தடுமாறுவதும் இவற்றில்தான். 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்கச் சொல்லும் நேரத்தில் ஒரு பகுதியை, இவ்விரு வரிசைகளை எழுதிப் பழகுவதற்குத் தொடக்கநிலை ஆசிரியர்கள் ஒதுக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
அங் மோ கியோ