ஆஸ்திரேலியாவில் ஏது பூநாரை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஆஸ்திரேலியாவில் இருந்து இனப்பெருக்கத்திற்காகத் தனுஷ்கோடிக்குப் பூநாரைகள் படையெடுப்பு' என்று தங்கள் நாளிதழில் படித்துப் பூரித்துப் போனேன். ஆஸ்திரேலியாவில் காட்டுப் பூநாரையே (ஃபிளமிங்கோ) கிடையாது என்பது தாங்கள் அறியாததல்ல. அடிலெய்டு விலங்குக்காட்சி சாலையில் வளர்த்த கடைசிப் பூநாரையும் 2018-ல் செத்துப்போனது. தனுஷ்கோடிக்கு அவை வருவது இரைக்காக. நம் நாட்டில் அவை பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் இடம் குஜராத்தின் கட்ச்.

ஒரு வரிக்கு இவ்வளவு கோபமா என்பீர்கள். அதை நம்பித்தான் தீபாவளி விடுமுறையில் என் தங்கை மகன் கூட்டாளிகளோடு போய், அரிச்சல்முனைச் சாலையிலிருந்து பைக்கை மணலில் இறக்கி முட்டை தேடியிருக்கிறான். வீடியோவைச் சிரித்துக்கொண்டே காட்டினான். சைபீரியாவின் வடகோடியிலிருந்து வந்து, சேற்றில் மூக்கை நுழைத்து மேய்ந்துகொண்டிருந்த உள்ளான் பறவைகள் பைக் சத்தத்தில் மொத்தமாக எழும்பிப் போகின்றன. அந்தக் கடற்கரைப் பக்கம் மணலில் முட்டையிடும் பறவை வேறு. சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய அனுமன் உப்புக்கொத்தி. 2023-ல்தான் தனி இனமாகப் பிரித்தார்கள். அதன் முட்டை மணல் நிறத்திலேயே இருக்கும். டயருக்குத் தெரியுமா?

இது முதல் தடவையும் அல்ல. முன்பு வண்டியூர்க் கண்மாயின் நத்தைகுத்தி நாரையை 'வெளிநாட்டு விருந்தாளி' ஆக்கினீர்கள். அப்புறம் சாமநத்தம் கண்மாய்க் கூழைக்கடா. இரண்டும் இந்த மண்ணின் பறவைகள். அப்போதும் விளக்கமாக எழுதினேன். கண்மாயைப் படம் பிடித்ததற்கு நன்றி சொன்ன வரி மட்டும் அச்சில் வந்தது!

வெளிநாட்டு விருந்தாளிதான் வேண்டுமென்றால் எங்கள் சோழவந்தான் பக்கம் வரலாம். வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நிழலோடு நிழலாக நடந்து திரியும் கொடிக்கால் வாலாட்டி, கிழக்கு ஆசியாவில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வருவது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது பின்னுடம்போடு இடமும் வலமுமாக அசைக்கும். இதைப் பற்றி ஒரு துணுக்குகூட வந்ததில்லை. இளஞ்சிவப்பாக இல்லையே, என்ன செய்வது.

2025-ல் தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயமே அறிவித்தாகிவிட்டது. இனி வருடா வருடம் செய்தி வரும். மதுரைப் பதிப்பில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். இடமில்லை என்றால் சரி, அடுத்த ஐப்பசியில் பழைய செய்தியை எடுத்துப் போடும்போது 'ஆஸ்திரேலியா'வை மட்டுமாவது அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
சோழவந்தான்.