விறகு பொறுக்கப் போன பிள்ளைக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். எனக்குச் சீனி அளவோடு இருக்கிறது, முழங்கால்தான் படியேற விடுகுதில்லை. நீங்கள் நாலு பேரும் சுகமாயிருக்க மயூரபதி அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

பிள்ளைகளோடு கூடாரம் போட்டுத் தங்கப் போகிற பயணத்தைப் பற்றித் தங்கச்சி வாட்ஸ்அப் குழுவில் போட்டதை நீ பார்த்துவிட்டாய். நீலக் குறி காட்டுகிறது. பதினாறு நாளாகிறது. பெரியம்மாவின் மகன் வருகிறேன் என்றான், சிட்னியில் இருக்கிற மாமாவின் மகள்கூட டிக்கெட் எடுத்துவிட்டாள். நீ ஆகஸ்ட் 9ஆம் திகதி கட்டுநாயக்காவில் இறங்குவதாகச் சொன்னாய், பயணம் அதற்கு அடுத்த வெள்ளி. வருவாயா மாட்டாயா என்று ஒரு சொல் இல்லை. உன் வேலை எனக்குத் தெரியும். அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்தபோதும் மடிக்கணினியோடுதான் இருந்தாய். ஆனாலும் தங்கச்சி ஒவ்வொரு காலையும் போனைத் திறந்து பார்க்கிறாள், எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாயிருக்கிறது.

அவள் எல்லாவற்றையும் எப்படிச் செய்கிறாள் என்று நீ பார்க்கவேண்டும். உன் இரண்டையும் சேர்த்து ஒன்பது பிள்ளைகள், ஆறு பேர் எட்டு வயதுக்குக் கீழே. முதலில் வில்பத்து என்றுதான் கதை. காட்டுக்குள்ளே கூடாரம் போடுவதென்றால் பத்தரமுல்லையில் வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே இடம் எடுக்கவேண்டும். அங்கே வேலி கிடையாது, பொழுதுபட்டால் வெளியே போக விடமாட்டார்கள். உப்பு, அரிசி, வாழைப்பழ வாசத்துக்கு யானை கூடாரம்வரை வரும். நடுச்சாமத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்கு மூத்திரம் முட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதோடு வில்பத்துக் கதை நின்றது.

பிறகு ஆற்றங்கரையில் ஓர் இடம் பிடித்திருக்கிறாள். கழிப்பறை இருக்கிறது, சமைக்க மறைப்பு இருக்கிறது, வான் கிட்டவரைக்கும் போகும். இடம் பெலிஹுல்ஓயா. அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை தம்பி. அப்போது அவளுக்கு ஐந்து வயதுகூட நிறையவில்லை.

போன சனிக்கிழமை ஒத்திகை பார்த்தார்கள். நம் மாடியில் கூடாரம் அடித்து, பிள்ளைகளை உள்ளே படுக்கவைத்தாள். புதுக் கூடாரத்தை முதல் தரம் காட்டில் போய், இருட்டில் பிரிக்கக் கூடாது என்பது அவள் கணக்கு. நல்ல கணக்குத்தான், ஒரு கம்பி குறைந்திருந்தது அப்போதே தெரிந்தது. சின்னவன் கடைசி ரயில் சத்தத்துக்கு எழும்பி, “அம்மம்மா, அது யானையா?” என்றான். தினமும் கேட்கிற ரயில்தான், துணிக்குள் படுத்தால் வேறாகக் கேட்கிறது போல. உன் பிள்ளைகளும் இங்கே வந்து ஒரு ராத்திரி மாடியில் படுத்துப் பழகட்டும். நேரமும் மாறியிருக்கும், புது இடத்தில் அழுவார்கள். தங்கச்சி ஒன்பது ஊதல் வாங்கி வைத்திருக்கிறாள். வழி தவறினால் ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்று மூன்று தரம் ஊதவேண்டும்.

சாப்பாடு என் பொறுப்பு. முதல் ராத்திரிக்கு இடியப்பமும் சொதியும் செய்தே கொண்டுபோவோம், போய் இறங்கின அன்று சமையல் தொடங்கினால் பிள்ளைகள் பசியில் நிலத்தில் விழுந்து அழும். காலையில் பாணும் சீனிச் சம்பலும். பருப்பு, முட்டை, நெத்தலிக் கருவாடு. வயிற்றோட்டத்துக்கு ஜீவனி பக்கெற் பத்து, பூசுவதற்குச் சித்தாலேப, அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும். மருமகளிடம் சொல், நுளம்பு பகலில்தான் டெங்குவைக் கொண்டுவரும், பிள்ளைகளுக்கு முழுக்கை சட்டை எடுக்கட்டும். அவசரத்துக்கு 1990 அடித்தால் அம்புலன்ஸ் வரும், ஆஸ்பத்திரி பலாங்கொடையில்.

தண்ணீரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லவேண்டும். அந்த ஆறு ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து இறங்கி வருவது. கீழே வெயில் காயும்போதே மேலே மழை பெய்திருக்கும். தண்ணீர் மண்ணிறமாய் மாறினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், உடனே எல்லாப் பிள்ளைகளையும் மேட்டுக்கு ஏற்றவேண்டும். கூடாரத்தை மணல் திட்டில் அடிக்கவே கூடாது. குளிப்பு காலையில் மட்டும். இதையெல்லாம் தங்கச்சியிடம் நாலு தரம் சொல்லிவிட்டேன், உனக்கும் சொல்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. ஒரு சிவப்புத் துவாய் வாங்கி வைத்திருக்கிறேன். அதைத் தோளில் போட்டவர் அரை மணித்தியாலம் தண்ணீரை மட்டும் பார்க்கவேண்டும். போன் இல்லை, கதை இல்லை, வெங்காயம் உரிக்கிறது இல்லை. அடுத்தவர் வந்து கையால் வாங்கினால்தான் இவர் எழும்பலாம். பத்துப் பெரியவர்கள் கரையில் இருக்கும்போது ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைப்பார்கள். பெரியவர்கள்தான் பார்க்கவேண்டும். எந்தப் பிள்ளையிடமும், மூத்த பிள்ளையாயிருந்தாலும், தம்பி தங்கச்சியைப் பார் என்று விடக்கூடாது. இதை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். நாம் இரண்டு பேரும் இதைக் கதைத்ததே இல்லை.

1995 சித்திரை. அரசுக்கும் புலிகளுக்கும் பேச்சுவார்த்தை நடந்த காலம், வழியில் சோதனை குறைவு என்று அப்பா துணிந்து இதே ஆற்றங்கரைக்கு வான் பிடித்தார். மூன்று குடும்பம். நீ தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கல்லில் இருந்தாய். நான்தான் உன்னைக் கூப்பிட்டு, “நீ போய் விறகு பொறுக்கு, தங்கச்சியை நான் பார்க்கிறேன்” என்றேன். பிறகு மாமியோடு கதைக்கத் தொடங்கினேன். சின்னமாமாவின் கலியாணப் பேச்சு. எவ்வளவு நேரம் கதைத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நிமிர்ந்தபோது அவளுடைய இரண்டு செருப்பும் கல்லின்மேல் ஒழுங்காக இருந்தன. அவள் இல்லை.

கீழே குளித்துக்கொண்டிருந்த அந்தச் சிங்கள ஐயா தலைமயிரில் பிடித்து இழுத்தெடுத்தார். “துவ, துவ” (மகளே, மகளே) என்று முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். அவள் வாந்தியெடுத்து அழுதபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்பா ஓடிவந்து, “ஆர் பிள்ளையைப் பார்த்தது?” என்று கத்தினார். நான் சொன்னேன், “தம்பியிட்டைத்தான் விட்டனான்.”

நீ அப்போதுதான் வந்தாய், நெஞ்சு நிறைய விறகோடு. என்னை ஒரு தரம் பார்த்தாய். அப்பா அந்த விறகிலேயே ஒன்றை உருவி எல்லார் முன்னாலும் அடித்தார். நீ வாய் திறக்கவில்லை. அடி முடிந்தபிறகு சிந்தின விறகைப் பொறுக்கி, அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தாய். பத்து வயது உனக்கு.

பயத்தில் சொல்லிவிட்டேன் என்று முதல் நாள் நினைத்தேன். மறுநாள் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு எத்தனை நாள் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நீச்சல் வேண்டாம் என்று கடிதம் கொண்டுவந்தாய், ஏன் என்று கேட்காமல் கையெழுத்து வைத்தேன். அப்பா கண்மூடும்வரை அவருக்கும் சொல்லவில்லை. உன்னை அடித்ததை நினைத்து அவர் கடைசி நாட்களில் ஒருமுறை அழுதார், அப்போதும் நான் சொல்லவில்லை. போன கோடையில் நீ அனுப்பின ஏரிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முழங்கால் அளவுத் தண்ணீர், இரண்டு பிள்ளைகளின் மணிக்கட்டையும் நீ இறுக்கிப் பிடித்திருக்கிறாய். மற்றவர்கள் எல்லாரும் கமராவைப் பார்க்கிறார்கள், நீ தண்ணீரைப் பார்க்கிறாய்.

உன்னிலே ஒரு பிழையும் இல்லை தம்பி. பிழை என்னுடையது, பொய்யும் என்னுடையது. மன்னிப்புக் கேட்கிறேன், முப்பது வருஷம் பிந்தி. இதைத் தங்கச்சிக்கு நானே சொல்வேன், அவள் வேறு இடம் பார்க்கிறேன் என்றால் பார்க்கட்டும். நீ யாருக்கும் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வராவிட்டால் நானும் போகவில்லை, உன் பிள்ளைகளோடு வெள்ளவத்தையில் இருக்கிறேன், சாப்பாடு மட்டும் கட்டிக் கொடுத்துவிடுவேன். வந்தால், முதல் அரை மணித்தியாலம் துவாய் என் தோளில்.

வான்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை தலை எண்ணிக்கை சொல்லவேண்டும். உங்கள் நாலு இடத்தையும் நான் இன்னும் விடவில்லை. மருமகள் கருவாடு சாப்பிடுவாளா என்றும் கேட்டு எழுது.

அம்மா