ஈறு வீக்கத்துக்கு மாத்திரை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுடன் வாழ்பவள் நான். ஈறுகள் வீங்கி ரத்தம் கசிந்தால் மருந்துக்கடையில் கிருமிகளைக் கொல்லும் அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் மாத்திரைகளை வாங்கி விழுங்குவேன். மருத்துவர் சீட்டு எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. வீக்கம் வடியும், இரண்டு மாதத்தில் திரும்பும். மூன்றாம் முறை கடைவாய்ப்பல் ஆடத் தொடங்கியது.

பல் மருத்துவர் ஈறுகளுக்கு அடியில் இறுகியிருந்த காரையைச் சுரண்டி எடுத்தார். பல்லில் பிசுபிசுப்பாக ஒட்டும் பற்படலத்துக்குள் பதுங்கிய கிருமிகளை மாத்திரை மட்டும் ஒழிக்காதாம். பல் ஆடும்படி தாடை எலும்பைக் கரைத்ததோ, அவற்றோடு ஓயாமல் போரிட்ட என் உடலின் எதிர்ப்பாற்றலே! சர்க்கரை கூடினால் அந்தப் போரால் வரும் அழற்சியும் கூடும். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

சீட்டின்றி இம்மருந்துகளை விற்பதைச் சுகாதாரத் துறை தடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பார்ப்பதுபோல ஈறுகளையும் பார்க்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
மன்னார்குடி