நான்கு ஆய்வாளர்கள் ஒழித்த குழந்தைத் தொழில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பிரிட்டன் வரலாற்றுக் கட்டுரையில், ‘1833ஆம் ஆண்டுச் சட்டத்தோடு குழந்தைத் தொழில் ஒழிந்தது’ என்று ஒரு வரி. இவ்வளவு சுலபமாக ஒழித்துத் தந்த கட்டுரையாளருக்குப் பாராட்டுகள்.

அந்தச் சட்டம் நூற்பு, நெசவு ஆலைகளுக்கு மட்டுமே என்பது தாங்கள் அறியாததல்ல. 9 வயதுக்குக் கீழே வேலைக்குச் சேர்க்கக் கூடாது. பட்டாலைகளுக்கு அதிலும் விலக்கு. 13 வயது வரை வாரம் 48 மணி நேரம். சரி, வயதை எதை வைத்துத் தீர்மானிப்பது? இங்கிலாந்தில் அரசின் பிறப்புப் பதிவே 1837இல்தான் தொடங்கியது. ஆகவே மருத்துவர் பிள்ளையை நிறுத்திப் பார்த்து, 9 வயதுக்கான உடல்வாகு இருப்பதாகச் சான்று எழுதினார். பல்லைப் பார்த்து வயது சொல்லும் யோசனையும் பிறகு வந்தது. பெற்றோருக்குக் கூலி வேண்டும், முதலாளிக்குச் சின்னக் கைகள் வேண்டும். 7 வயது 9 ஆக எவ்வளவு நேரம் பிடிக்கும்? இதையெல்லாம் கண்காணிக்க நாடு முழுமைக்கும் நான்கே ஆய்வாளர்கள்!

தினம் 2 மணி நேரப் பள்ளி என்ற விதியும் இருந்தது. பெயர் எழுதத் தெரியாமல் பெருக்கல் குறி போட்டுச் சான்றளித்த வாத்தியார்களும் இருந்தார்கள். வாத்தியார் தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று 1844இல் சட்டத்திலேயே சேர்க்க வேண்டியதாயிற்று. அதே 1844 சட்டம் வயது வரம்பை 9இலிருந்து 8 ஆக இறக்கியது. அரைநாள் ஆலை, அரைநாள் பள்ளி. அந்த அரைநாள் முறையை ஒழிக்க 1918 கல்விச் சட்டம் வர வேண்டியிருந்தது.

சுரங்கத்துக்கு 1842இல் தனிச் சட்டம். புகைபோக்கியைச் சுத்தம் செய்ய அதற்குள் 21 வயதுக்குக் குறைந்தவர் ஏறக் கூடாது என்று 1840இலேயே சட்டம் சொல்லியும், அந்தத் தொழில் செய்தவர்கள் சிறுவர்களை ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். 1875இல், அவர்கள் ஆண்டுதோறும் போலீஸ் உரிமம் பெற வேண்டும் என்று வந்த பிறகே வழிக்கு வந்தார்கள்.

இது முதல் தடவையும் அல்ல. 1834 ஏழையர் சட்டம் எல்லா ஏழைகளையும் ‘ஒர்க்ஹவுஸ்’ என்ற, வேலை வாங்கிக்கொண்டு சோறு போடும் விடுதிகளில் அடைத்தது என்று முன்பு எழுதினீர்கள். உடல் வலிமை உள்ள ஏழைகளைப் பொறுத்தவரை நோக்கம் அதுதான். ஆனால் உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே ரொட்டியோ சில ஷில்லிங்கோ வாங்கியவர்கள். கருணையால் அல்ல; ஒரு கிழவியை விடுதியில் வைத்துச் சோறு போடுவதைவிட அது மலிவு. இதை விளக்கி நான் எழுதிய கடிதத்துக்கு இடமில்லாமல் போனது. ராசிபலனுக்கு அந்த வாரமும் இரண்டு பக்கம் கிடைத்திருந்தது.

1906 பள்ளி உணவுச் சட்டத்தையும் வானளாவப் புகழ்ந்தீர்கள். உள்ளாட்சிகள் உணவு போடலாம் என்றுதான் அது சொன்னது. போட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அதற்கான உள்ளாட்சி வரியும் பவுண்டுக்கு (அன்று 240 பென்னி) அரை பென்னியைத் தாண்டக் கூடாது.

அடுத்த இதழில் ‘ஒழிந்தது’ என்பதை ‘நெசவாலைகளில் ஓரளவு கட்டுப்படுத்தப்பட்டது’ என்று திருத்தி வெளியிட்டால் போதும். எழுத்து பொடியாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
கும்பகோணம்