1925 என்று போட்டிருந்தால் போதுமா? டோக்கியோவில் இருக்கும் மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளே,

ஜிம்போச்சோ பழைய புத்தகத் தெருக் கடையில் நீ எடுத்த புகைப்படம் வந்து சேர்ந்தது. சிவப்புக் கோயில் வாசல், சாய்ந்து அடிக்கும் பனி, குடையைத் தாழ்த்திப் பிடித்து நடக்கும் பெண். ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியர் கவாசே ஹசுயியின் 'ஷிபா சோஜோஜி'தான், சந்தேகமே இல்லை. "அட்டையில் 1925 என்று எழுதியிருக்கிறது மாமா, விலையும் கையைக் கடிக்கவில்லை, வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால் பதிலை எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

வாங்கலாம். ஆனால் எதை வாங்குகிறாய் என்று தெரிந்துகொண்டு வாங்கு. 1925 என்பது அந்தப் படம் முதலில் வெளியான ஆண்டு. உன் கையில் இருக்கும் தாள் அச்சான ஆண்டு அது அல்ல. ஹசுயியின் படங்களை வெளியிட்ட வதனாபே ஷோசாபுரோ தொடங்கிய நிறுவனம் இன்றும் கின்சாவில் இருக்கிறது, பழைய படங்களை இன்றும் அச்சிட்டு விற்கிறது. அதில் மோசடி ஒன்றும் இல்லை, அது அவர்கள் தொழில். போன வருடம் அச்சான தாளும் 1925-இல் அச்சான தாளும் ஒரே படம்தான், ஆனால் விலை ஒன்றல்ல. ஒன்றுக்குச் சில நூறு டாலர் என்றால் மற்றதற்குப் பல ஆயிரம்.

இது வெறும் பழைய பொருள் மோகம் என்று நினைக்காதே. ஒரு தாள் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் விலை வித்தியாசத்தின் காரணம் புரியும். ஷின் ஹாங்கா, அதாவது 'புதிய அச்சு', எனப்படும் இந்த வகையில் ஓவியர் வரைவதோடு சரி. செதுக்குபவர் வேறு, அச்சிடுபவர் வேறு, பணம் போட்டு எல்லோரையும் மேய்ப்பவர் பதிப்பாளர். காட்டுச் செர்ரி மரக் கட்டைகளில் வண்ணத்துக்கு ஏற்றபடி செதுக்குவார்கள். நிறத்தை நீரிலும் அரிசிப் பசையிலும் குழைத்துக் கட்டையில் தூரிகையால் தடவி, ஈரப்படுத்திய கோசோ நார்க் காகிதத்தை மேலே வைத்து, மூங்கில் மடல் சுற்றிய பாரென் என்ற வட்டத் தட்டால் கையாலேயே தேய்ப்பார்கள். அச்சு இயந்திரமே கிடையாது. மறுபடி அடுத்த நிறம், மறுபடி அடுத்தது. கட்டையின் மூலையில் வெட்டியிருக்கும் கென்தோ அடையாளத்தில் காகிதத்தைச் சரியாகப் பொருத்தாவிட்டால் நிறம் கோட்டைத் தாண்டிவிடும். 1950-களின் தொடக்கத்தில் ஜப்பான் அரசின் பண்பாட்டுச் சொத்துக் குழு இந்தக் கைத்தொழிலைப் பதிவு செய்து வைப்பதற்காகவே ஹசுயியிடம் ஒரு படம் கேட்டது. அவர் மறுபடியும் சோஜோஜியையும் பனியையும்தான் வரைந்தார். அந்த ஒரு படத்துக்கு ஒவ்வொரு தாளும் நாற்பது தடவைக்கு மேல் கட்டையில் ஏறி இறங்கியது.

இன்னும் முக்கியம், பொகாஷி. ஹசுயியின் இரவு வானம் மேலே கறுநீலமாகத் தொடங்கிக் கீழே வெளிறிப் போகிறதே, அந்தக் கரைவு கட்டையில் செதுக்கப்பட்டது இல்லை. அச்சிடுபவர் ஒவ்வொரு தாளுக்கும் கட்டையை ஈரமாக்கி, நிறத்தைக் கையால் இழுத்துத் தேய்த்து உண்டாக்குகிறார். ஆள் மாறினால் வானம் மாறும். அவசரமாக இருநூறு தாள் அடிக்க வேண்டிய நாளில் வானம் சப்பென்று இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், நீ வாங்குவது ஹசுயியின் படத்தை இல்லை, யாரோ ஒரு அச்சுக்காரரின் ஒரு நாள் வேலையை. கடையில் அதே படத்தின் இரண்டு பிரதி இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல். நல்ல கடைக்காரர் சந்தோஷமாகக் காட்டுவார். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போ, அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்?

முத்திரைகளைப் பார்க்கப் பழகு. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வதனாபே தாள்களில் பெரும்பாலும் ஓர வெள்ளையில் நீள்சதுர முத்திரை இருக்கும். போருக்குப் பிந்தியவற்றில் படத்தின் கீழ் மூலையிலேயே 6 மி.மீ. அளவில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். அந்த வட்டம் இருக்கிறது என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஹசுயி இறந்தது 1957-இல், ஆகவே அவர் உயிரோடு இருந்தபோது அச்சானதாகவும் இருக்கலாம். உன் சம்பளத்துக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கணக்கு. 1923-க்கு முந்திய ஹசுயியை இப்போதைக்கு மறந்துவிடு. அந்த ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி காந்தோ நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் வதனாபேயின் கடையை, கட்டைகளை, விற்காமல் இருந்த தாள்களை எல்லாம் சாம்பலாக்கின. ஹசுயியின் குறிப்பு நோட்டுகளும் போயின. அதற்கு முன்பே விற்றுப்போனவை மட்டும்தான் மிச்சம். அவற்றின் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

இதே வகையில் இன்னொரு ஓவியரான யோஷிதா ஹிரோஷி வேறு மாதிரி ஆள். பதிப்பாளரை நம்பாமல் தானே பட்டறை வைத்து, செதுக்குபவர், அச்சிடுபவர் பக்கத்தில் நின்று வேலை வாங்கினார். அவர் கண் முன்னால் அச்சான தாளின் ஓரத்தில் 'ஜிசுரி' (தானே அச்சிட்டது) என்ற முத்திரை இருக்கும், கீழே பென்சிலில் ஆங்கிலக் கையெழுத்து இருக்கும். 1950-இல் அவர் போன பிறகு குடும்பத்தார் அச்சிட்டவற்றில் அந்தக் கையெழுத்தே முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். ஒரு பூதக்கண்ணாடி போதும், பென்சில் கோடு காகித நாரில் மினுமினுக்கும், குத்திய மை மினுக்காது.

ஹாஷிகுச்சி கோயோவின் பெயர் உனக்குத் தெரியாமல் இருக்கலாம், படம் தெரிந்திருக்கும். 1984-இல் முதல் மெக்கின்டாஷ் விளம்பரங்களில் திரையில் தலை வாரும் ஒரு ஜப்பானியப் பெண் தெரிவாளே, அது அவர் 1920-இல் செய்த அச்சுப் படத்தைப் பார்த்து ஆப்பிளின் வடிவமைப்பாளர் சூசன் கேர் புள்ளி புள்ளியாக வரைந்தது. ஸ்டீவ் ஜாப்ஸே ஹசுயி பைத்தியம், கின்சாவில் வாங்கிக் குவித்தவர். கோயோ 1921-இலேயே, நாற்பது வயதில் இறந்துவிட்டார். தன் தரத்துக்கு வராத தாளை வெளியே விடாத மனிதர். அவர் விட்டுப்போன கட்டைகளிலிருந்து பின்னால் வீட்டார் அச்சிட்டார்கள். அவையும் அழகுதான், ஆனால் கோயோ பார்த்துச் சரி சொன்னவை இல்லை.

இப்போது நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். எல்லோரும் ஹசுயி, யோஷிதா என்று ஓடுகிறார்கள். நீ அதே தெருவில் சோசாகு ஹாங்கா, அதாவது 'படைப்பு அச்சு', வைத்திருக்கும் இழுப்பறையையும் திறந்து பார். தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் இவர்கள். 1904-இல் யாமாமோத்தோ கனாயே ஒரு மீனவனைச் செதுக்கியதில் தொடங்கியது. உள்ளூரில் இவர்களை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. போர் முடிந்து 1951-இல் சாவோ பாலோ கண்காட்சியில் சைதோ கியோஷியும் கோமாய் தெத்சுரோவும் பரிசு வாங்கினார்கள், 1956-இல் வெனிஸில் முனாகாதா ஷிகோ வாங்கினார். எண்ணெய் வண்ணக்காரர்கள் போகாத இடத்துக்கு அச்சுக்காரர்கள் போய்விட்டார்களே என்று ஜப்பான் கலை உலகம் விழித்தது. முனாகாதாவுக்குக் கிட்டப்பார்வை. முகம் பலகையில் இடிக்கிற மாதிரி குனிந்து வெறியோடு செதுக்குவார்.

எனக்கு இவர்களில் ஒன்ச்சி கோஷிரோதான். காகிதம், நூல், இலை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கட்டையாக்கினார். அச்சடித்தால் சில தாள், அதோடு நிறுத்திவிடுவார். கவிஞர் ஹாகிவாரா சகுதாரோவின் முகத்தை 1943-இல் செய்தார், சுருக்கங்களே எழுத்து மாதிரி இருக்கும். ஒன்ச்சி கையால் அச்சிட்டவை மிகச் சில, பின்னால் செகினோ ஜூனிசிரோவும் ஹிராய் கோய்ச்சியும் அச்சிட்டார்கள். பார்த்தாயா, இங்கேயும் அதே கேள்விதான் வருகிறது, இந்தத் தாள் யார் கையால் என்று. ஒன்ச்சி உன் கைக்கு எட்டாது. ஆனால் சைதோவின் பூனைகளிலும் ஐசு என்ற வட்டாரத்தின் பனிக் கிராமங்களிலும் தேடினால் நியாயமான விலையில் ஒன்று அகப்படும். போருக்குப் பிந்திய தாள்களில் 35/100 என்று பென்சிலில் எண் இருக்கும். 35 என்பதைப் பார்த்து மயங்காதே, எண் சின்னதாக இருந்தால் அச்சு நன்றாக இருக்கும் என்று ஒன்றும் இல்லை. மொத்தம் எத்தனை என்பதை மட்டும் கவனி.

வாங்கும் முன் சட்டத்திலிருந்து தாளை வெளியே எடுக்கச் சொல். இதில் கூச்சப்படாதே. ஓரங்களை வெட்டியிருக்கிறார்களா, பின்னால் பிசின் நாடா ஒட்டியிருக்கிறார்களா, மலிவு அட்டையின் அமிலம் பட்டு மஞ்சள் கட்டம் விழுந்திருக்கிறதா, இதையெல்லாம் முன்பக்கம் மறைத்துவிடும். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் நிறம் காகிதத்துக்குள் இறங்கியிருக்கும், பாரென் சுழன்ற வட்டத் தடம் தெரியும். அது இல்லாமல் பின்பக்கம் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தால் நீ பார்ப்பது இயந்திரத்தில் அடித்த நகல்.

ஊருக்குக் கொண்டுவருவதாக இருந்தால் சென்னை ஈரத்தை நினைத்துக்கொள். வெயில் நிறத்தைக் குடிக்கும், ஈரம் பழுப்புப் புள்ளி போடும், ராமபாணப் பூச்சிக்குப் பசை என்றால் உயிர். அமிலமில்லாத அட்டையில் வைத்துப் பெட்டிக்குள் படுக்க வை. சுவரில் மாட்டினால் சில மாதம் மாட்டு, அப்புறம் இறக்கிவிடு.

முதலீடு என்று உன் நண்பன் சொன்னதை நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். ராபர்ட் முல்லர் என்று ஒரு அமெரிக்கர், ஹார்வர்டு மாணவராக இருந்தபோது 1931-இல் நியூயார்க்கில் ஹசுயியின் 'கியோசு பாலம்' பார்த்து மயங்கி வாங்கினார். 1940-இல் தேனிலவுக்கே ஜப்பான் போய் வதனாபேயையும் ஹசுயியையும் சந்தித்தார். எல்லோரும் பழைய மேதைகளான ஹொகுசாயும் உதமாரோவும்தான் கலை, இதெல்லாம் சுற்றுலாப் பொருள் என்று சிரித்த காலம் அது. 2003-இல் அவர் இறந்தபோது 4,000-க்கும் மேற்பட்ட அச்சுப் படங்கள் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியனின் சாக்லர் காட்சிக்கூடத்துக்குப் போயின. பிடித்ததை வாங்கினார், அவ்வளவுதான்.

கடைசியாக எனக்கு ஒரு உதவி. யோஷிதா ஹிரோஷி தன் மகன் தோஷியைக் கூட்டிக்கொண்டு 1930-இல் இந்தியா வந்தார். தாஜ்மகால், காசி, உதய்ப்பூர், அஜந்தா என்று சுற்றி வரைந்தார். அந்த வரிசையில் நம் மதுரைக் கோயிலும் ஒன்று. ஜிசுரி முத்திரையோடு அது எங்காவது கண்ணில் பட்டால் விலையை மட்டும் எழுது. வாங்கிவிடாதே, முதலில் உன் அத்தையிடம் பேசிச் சம்மதம் வாங்க எனக்கு ஒரு மாதமாவது வேண்டும்.

அன்புடன்,
மாமா