மிச்சமிருந்த மூன்று மாத்திரை

பாப்பா,

போனில் பேசினால் அம்மா பக்கத்தில் நின்று காதைக் கொடுப்பாள், அதனால் எழுதுகிறேன். தஞ்சாவூரில் கிட்னிக் கல்லை எடுத்த அன்றைக்கு எனக்கு லேசான ஜுரம் என்று உன்னிடம் சொன்னோமே, அது லேசான ஜுரம் இல்லை.

மத்தியானம் லேசரால் கல்லை உடைத்து, நீர் தடையில்லாமல் இறங்க ஸ்டென்ட் என்கிற சின்னக் குழாயை உள்ளே வைத்து வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். நன்றாகத்தான் இருந்தேன். ஏழு மணி வாக்கில் ஒரு நடுக்கம் பிடித்தது பார், ஐப்பசி மழையில் நாள் முழுக்க நனைந்துகொண்டு நடவு வயலில் நின்றபோது கூட அப்படி நடுங்கியதில்லை, கட்டில் கம்பி கடகடவென்று ஆடியது, பிரஷர் எண்பதுக்கு இறங்கிவிட்டது. நர்ஸ் பெண் இரண்டு கையிலும் தனித்தனியாக ரத்தம் எடுத்துச் சின்ன பாட்டில்களில் ஏற்றிய பிறகுதான் ஆன்டிபயாடிக் ஊசி போட்டது. மருந்து முந்திக்கொண்டால் பாட்டிலில் கிருமி வளராமல் போய்விடுமாம். இரண்டு நாள் கழித்து ஈ.கோலை என்று ரிசல்ட் வந்தது. குடலில் சும்மா கிடக்கிற கிருமிதான்.

அது ரத்தத்துக்கு எப்படிப் போச்சு என்று டாக்டரைக் கேட்டேன். டியூப் விட்டுப் பார்க்கும்போது உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம், அழுத்தம் கூடினால் கிருமியையும் சேர்த்து ரத்தக்குழாய்க்குள் தள்ளிவிடுமாம். மதகைத் தூக்கியதும் வரப்பிலுள்ள எலி வளை வழியாக அடுத்த வயலுக்குத் தண்ணீர் பாயுமே, அப்படி. கல்லுக்குள்ளேயும் கிருமி ஒளிந்திருக்கும், உடைத்தால் வெளியே வரும் என்றார். பல பேருக்கு உடம்பே சமாளித்துவிடும். என்னைப் போன்ற சர்க்கரைக்காரனுக்கு அவ்வளவு சுலபமில்லை.

சரி, சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் நீரில் கிருமி வளருகிறதா என்று பார்க்கிற யூரின் கல்ச்சருக்குக் கொடுக்கும் முன்பே, நீர்க்கடுப்பு தாங்காமல், போன தடவை மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கில் மூன்றைப் போட்டுக்கொண்டேன். கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. வளர்ந்திருந்தால் எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்து, அதைக் கொடுத்துவிட்டுத்தான் கல்லில் கை வைத்திருப்பார்கள். டாக்டரிடம் மூன்றாம் நாள்தான் இதை ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருக்கலாம்.

அடுத்த வாரம் ஸ்டென்டை எடுக்கவேண்டும். ஐந்து நிமிஷ வேலை என்கிறார்கள், ஆனால் அதுவும் டியூப் விடுகிற வேலைதான். ஒரு மாத்திரையும் போடாமல் நேற்றே கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டேன். டிக்கெட் எல்லாம் போடாதே, பொங்கலுக்கு வந்தால் போதும். மாத்திரை விஷயம் அம்மாவுக்குத் தெரியாது, நீ சொல்லிவிடாதே, நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா