கை தூக்காதவர்களுக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

திமிங்கில வேட்டையை ஒழுங்குபடுத்தும் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழுவில் திமிங்கிலங்களுக்காக வாக்களித்தவர்களுக்கும், எதிராக வாக்களிக்க மறுத்தவர்களுக்கும், வாக்களிக்காமலே இருந்துவிட்டவர்களுக்கும்,

திருகோணமலையிலிருந்து வணக்கம்.

உங்களில் ஒருவரையும் நாங்கள் நேரில் கண்டதில்லை. எங்கள் ஊரின் பெயர்கூட உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் கோணேசர் கோயில் மலையில் நின்று மார்ச், ஏப்ரலில் கடலைப் பார்க்கிறவர் கண்ணுக்கு நீலத் திமிங்கிலம் மூச்சுவிடுவது தெரிகிறதென்றால், அதில் உங்களுக்கும் பங்குண்டு. யாரும் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் நாங்கள் சொல்கிறோம்.

முதல் நன்றி சீஷெல்ஸுக்கு. சுதந்திரம் பெற்று மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. 1979-ல் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழுவில் சேர்ந்த கையோடு, இந்து சமுத்திரத்தைத் தெற்கே 55 பாகை வரை வணிக வேட்டைக்கு மூடுங்கள் என்று கேட்டது. கேட்டதைப் பெற்றும் விட்டது. முதலில் பத்தாண்டுக்குத்தான் கிடைத்தது. 1989-ல் இன்னும் மூன்றாண்டு நீண்டது. 1992-ல் காலவரையறையே இல்லாமல் ஆனது. இப்படி வேட்டைக்கு மூடிய கடலுக்குச் சரணாலயம் என்று பெயர். அந்தச் சரணாலயத்தில் ஆய்வு செய்ய வந்த ‘டியூலிப்’ என்ற பாய்க்கப்பல் 1980-களின் தொடக்கத்தில் எங்கள் கடலில் சுற்றியது. ஒரு விலங்கையும் கொல்லாமல் திமிங்கிலத்தைப் பற்றி அறிய முடியும் என்பதை அதில் வந்தவர்கள் செய்தே காட்டினார்கள்.

அடுத்த நன்றி, பொய்க் கணக்கை உடைத்த சோவியத் விஞ்ஞானிகளுக்கு. தென்னரைக்கோளத்தில் தாங்கள் பிடித்த கூனல் திமிங்கிலங்கள் 2,710 என்று மொஸ்கோ ஆணைக்குழுவிடம் சொல்லியிருந்தது. உண்மையில் பிடித்தவை 48,000-க்கும் மேல். வேட்டைக் கப்பல்களில் வேலை பார்த்த சிலர் அசல் பதிவுகளை இரகசியமாகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 1993-ல் ரஷ்ய உயிரியலாளர் அலெக்ஸி யாப்லகோவ் அதைப் பகிரங்கமாகச் சொன்னார். சில மாதங்களில், 1994 மே மாதம், மெக்சிகோவின் புவேர்ட்டோ வல்லார்டாவில் தென் சமுத்திரச் சரணாலயம் வாக்கெடுப்புக்கு வந்தது. பிரான்ஸ் முன்வைத்த யோசனை, ஏறத்தாழ ஐந்து கோடி சதுர கிலோமீற்றர் கடல். ஆதரவு 23, எதிர்ப்பு 1, நடுநிலை 6. அந்த ஒன்று ஜப்பான். மேற்பார்வை என்பது எவ்வளவு எளிதில் ஏமாற்றப்படும் என்று தெரிந்தபிறகு, ‘அளவாகப் பிடிக்கிறோம், கண்காணியுங்கள்’ என்ற வாதத்துக்கு மண்டபத்தில் மதிப்பு குறைந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் இந்த மடலில் ஒரே ஒருவருக்குத்தான் இடம் என்றால் அதைக் கரிபியன் தீவான டொமினிக்காவின் அதர்ட்டன் மார்ட்டினுக்குக் கொடுப்பேன். 2000-ம் ஆண்டு அடிலெய்டில், ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கேட்ட தென் பசிபிக் சரணாலயம் வாக்கெடுப்புக்கு வந்தது. மார்ட்டின் அப்போது டொமினிக்காவின் அமைச்சர். சுற்றாடலும் மீன்பிடியும் அவர் பொறுப்பில் இருந்தன. நடுநிலை வகிப்பது என்று அமைச்சரவை முடிவெடுத்திருந்ததாக அவர் சொன்னார். வாக்கு ஜப்பானின் பக்கம் விழுந்தது. அவர் பதவியை விட்டு விலகினார். தீர்மானமும் தோற்றது: ஆதரவு 18, எதிர்ப்பு 11, நடுநிலை 4. சரணாலயத்துக்குப் பெரும்பான்மை போதாது, நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். டொமினிக்கா நடுநிலை வகித்திருந்தாலும் அன்று வென்றிருக்காது. அது தெரிந்தும் ஒரு மனிதர் அமைச்சுப் பதவியைத் தூக்கிப் போட்டார். எங்கள் நாட்டு அரசியலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது நம்பக் கொஞ்சம் சிரமமான செய்தி.

ஜப்பானின் பக்கம் வாக்களித்த சின்னத் தீவுகளை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. மீன்பிடித் துறைமுகமும் குளிரூட்டிய களஞ்சியமும் ஒரு கரைவாசிக்கு என்ன என்பது எங்களுக்குத் தெரியும். ஆதரவு திரட்ட வளர்ச்சி உதவியும் ஒரு கருவி என்ற பொருள்பட, ஜப்பான் மீன்பிடித் துறை அதிகாரி மசாயுகி கொமட்சு 2001-ல் ஆஸ்திரேலிய ஒலிபரப்பில் பேசினார். கடலே இல்லாத மொங்கோலியா ஒரு பக்கம் கை தூக்குகிறது. கடலே இல்லாத சுவிட்சர்லாந்து மறுபக்கம் கை தூக்குகிறது. ஆள் சேர்ப்பதில் இரு தரப்புமே சளைத்தவர்கள் அல்ல. இரண்டும் ஒரே தரம் என்று நான் சொல்ல வரவில்லை. செலவில்லாமல் போடும் வாக்குக்கு நன்றி ஓர் அளவுதான். இழப்புக்குத் துணிந்து போட்ட வாக்குக்கே என் நன்றி கூடுதல். டொமினிக்கா 2008-ல் இனி நடுநிலை என்று அறிவித்தது. 2023-ல் தன் கடலின் ஒரு பகுதியையே ஸ்பெர்ம் திமிங்கிலங்களுக்கு ஒதுக்குவதாக அறிவித்தது. மார்ட்டின் விலகியது வீண்போகவில்லை.

இன்னொரு நன்றி, கவிதைக்கு உதவாத ஒரு விதிக்கு. 2010-ல் ஒரு பிரித்தானியப் பத்திரிகை, வாக்கு விலைபோவதாக இரகசியமாகப் பதிவுசெய்து வெளியிட்டது. மறுவருடம் ஜேர்சித் தீவில் நடந்த ஆணைக்குழுக் கூட்டத்தில், உறுப்பு நாடுகள் சந்தாவை அரசாங்கக் கணக்கிலிருந்து வங்கி வழியாகத்தான் செலுத்த வேண்டும் என்று முடிவானது. யார் பணத்தில் யார் உறுப்பினர் என்ற கேள்விக்கு அதுவரை பூட்டே இருக்கவில்லை! அதை எழுதி, வாதாடி, நிறைவேற்றிய அலுவலர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. கணக்கு வழக்கில் கறாரான அந்த அன்பர்கள் நீடூழி வாழ்க.

கடைசியாக பிரேசில், ஆர்ஜென்டினா, உருகுவே, தென்னாபிரிக்கா, காபோன். தென் அத்திலாந்திக் சரணாலயத்துக்காக நீங்கள் தோற்ற கதை நீளமானது. 2001-ல் இலண்டனில் தொடங்கியது. 2011-ல் ஜேர்சியில் எதிர்த்தரப்பு எழுந்து வெளியேறி வாக்கெடுப்பையே தடுத்தது. 2022-ல் ஸ்லொவேனியாவின் போர்ட்டோரோஷில் மறுபடி அதே வெளிநடப்பு. 2018-ல் பிரேசிலின் சொந்த மண்ணான புளோரியனோபொலிசிலேயே 39க்கு 25 என்று தோல்வி. 2024 செப்டெம்பரில் பெருவின் லீமாவில் ஆதரவு 40, எதிர்ப்பு 14, நடுநிலை 3.

ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை வாக்கெடுப்புகளில் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று விரல்விட்டு எண்ணிப் பழகிய எங்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். சரணாலயத்துக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். நடுநிலை வகித்தவர்கள் எண்ணிக்கையில் வரமாட்டார்கள். 54-ல் 40 என்பது 74 சதவீதம். எதிர்த்த பதினான்கு பேரில் ஒருவர் ஆதரிக்கக்கூட வேண்டாம், சும்மா இருந்திருந்தாலே 53-ல் 40 ஆகி நிறைவேறியிருக்கும். நடுநிலை வகித்த மூவரும் எதிர்த்திருந்தால் 70 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். எனவே லீமாவில் கை தூக்காத மூன்று நாடுகளே, உங்களுக்கும் மனமார்ந்த நன்றி.

சரணாலயம் என்று எழுதிவிட்டால் எல்லா ஆபத்தும் போய்விடாது. எங்கள் தீவின் தெற்கே நீலத் திமிங்கிலங்கள் கப்பல் மோதிச் சாகின்றன. அதை எந்த வாக்கெடுப்பும் நிறுத்தவில்லை. 2022-ல் எம்.எஸ்.சி. என்ற கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே இன்னும் தெற்கே விலக்கி ஓட்டத் தொடங்கியது. அவர்களுக்கும் ஒரு வரி நன்றி. அப்படிச் செய்யாத நிறுவனங்களுக்கு அது இன்னும் பாக்கி.

லீமாவில் எதிர்த்த பதினான்கு நாட்டுப் பிரதிநிதிகளே, உங்களுக்கு இப்போது நன்றி சொல்ல வழியில்லை. அடுத்த வாக்கெடுப்பில் உங்களில் ஒருவர் கையைக் கீழேயே வைத்திருந்தால், நீங்கள் எந்த நாடாக இருந்தாலும், தனியாக ஒரு மடல் எழுதி அனுப்புகிறோம்.

நன்றியுடன்,
திருகோணமலைக் கரையிலிருந்து